ஏர் பிளாஸ்ட்

அத்தியாயம் 9

அன்று விடிவதற்கு முன் என் வீட்டுக்காரர் கடைசியாகச் செய்த சாதாரணக் காரியம், எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் நிரப்பி அடுப்படி அலமாரியின் மேல்தட்டில் வைத்தது.

தினமும் செய்வதுதான். டம்ளர் விளிம்புவரை நிறைந்திருக்க வேண்டும். ரோட்டில் லாரி போனால் சத்தம் பெரிதாக வரும், தண்ணீர் லேசாகச் சிலிர்த்து அடங்கிவிடும். ஏர் பிளாஸ்ட் என்றால் சத்தம் வருவதற்குள் தண்ணீர் தளும்பிவிடும். "காத நம்பாதே, தண்ணிய பாரு" என்பார்.

பூமிக்கடியில் தோண்டி எடுத்த இடத்தில் பாறை பாரம் தாங்காமல் வெடித்துச் சிதறுவதற்கு எங்கள் தங்கவயலில் ஏர் பிளாஸ்ட் என்று பெயர். அது வந்தால் மேலே வீடுகள் குலுங்கும். மைன்ஸை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாறைக்கு அது தெரியாது போலிருக்கிறது.

என் வீட்டுக்காரர் சம்பங்கிக்கு மகள் மமதா போன் வாங்கிக் கொடுத்ததையும், அவரோடு கீழே இறங்கிய பழைய ஆட்கள் 'செகண்ட் ஷிஃப்ட்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்துக்கொண்டதையும் போன வாரம் எழுதினேன். அவர் இப்போது இல்லை என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். நுரையீரல் என்று டாக்டர் சொன்னார். அது உண்மைதான். வேறு காரணம் சொல்லி யார் மீதும் பழி போட நான் இதை எழுதவில்லை.

இந்த வாரம் எழுதுவது அவர் பேர் போன நாளைப் பற்றி. பேர் போன என்பதற்குத் தமிழில் இரண்டு அர்த்தம் உண்டு. எங்களுக்கு இரண்டும் ஒரே நாளில் நடந்தது.

நான் அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தேன். காலடியில் யாரோ இரும்புக் கதவை அறைந்து சாத்தியது போல இருந்தது. தகரக் கூரை கிடுகிடுத்தது. மேல்தட்டு டம்ளர் சாய்ந்து, தண்ணீர் மொத்தமும் சுவரோடு வழிந்து இறங்கியது.

"இன்னாங்க!"

"பயப்படாதே. வெளிய வா. இன்னொண்ணு வரும்."

பெரிய ஏர் பிளாஸ்டுக்குப் பின்னால் சின்னதாக ஒன்று வருவது உண்டு. அதனால் முதல் குலுங்கலுக்கு வீட்டைவிட்டு வெளியே வந்து நிற்பது எங்கள் வழக்கம். வாசலில் நின்றோம். எதிர்வரிசையிலும் இரண்டு மூன்று பேர் வந்து நின்றார்கள். யார் முகத்திலும் பெரிய கலவரம் இல்லை. ஒருவர் பல் துலக்கிக்கொண்டே நின்றார்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில், இப்படிக் குலுங்கினால் பெண்கள் எல்லாரும் சுரங்கக் குழியின் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவோம். ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வந்து நின்று கதவு திறக்கும்போது, இறங்குகிற முகங்களில் நம்முடையது இருக்கிறதா என்று பார்ப்போம். இப்போது ஓட இடமில்லை. அதற்குப் பதிலாகத்தான் 'செகண்ட் ஷிஃப்ட்' குரூப்பில் ஒவ்வொருவரும் குரல் கொடுப்பார்கள். அவருக்கு டைப் செய்ய வராது. போனை வாயருகே சோளக்கதிர் போலப் பிடித்துக்கொண்டு பேசுவார்.

அன்றும் பேசினார். கோரமண்டல் எங்கள் பகுதி, மாரிகுப்பம் ரயில் புறப்படுகிற முதல் ஸ்டேஷன். "நான் சம்பங்கி பேசறேன், கோரமண்டல். ஏர் பிளாஸ்ட் ஆயிடுச்சு. பெருசு. மாரிகுப்பம் பக்கந்தான். இன்னொண்ணு வரும். ஸ்டேஷன்கிட்ட கீறவங்க வெளிய வந்து நில்லுங்க. எங்க வூட்ல எல்லாம் சேஃப்."

மமதா அப்போதுதான் தலை வாரி முடித்தாள். பெங்களூரில் ஒரு கம்பெனியில், வாடிக்கையாளர் அனுப்பும் புகார்களுக்கு நாள் முழுக்க இங்கிலீஷில் பதில் எழுதுகிற வேலை. காலை ரயிலைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போக முடியும்.

"நைனா, எனக்கும் அனுப்பு அத. ட்ரெய்ன் குரூப்ல போடறேன். மாரிகுப்பத்துல ஏர்றவங்க கீறாங்க."

"அனுப்பும்மா. பாவம், பாத்து நிக்கட்டும்."

ஒரு கையில் டிபன் பாக்ஸ், ஒரு கையில் போன். கட்டைவிரலால் தட்டிக்கொண்டே தெருமுனை திரும்பினாள்.

அவள் திரும்பி வந்தபோது நான் இட்லித் தட்டைக்கூடக் கழுவியிருக்கவில்லை. செருப்பு ஒன்றுதான் காலில் இருந்தது.

"இன்னாடி ஆச்சு? ட்ரெய்ன் போயிடுச்சா?"

"ஜூடித் அக்கா வுழுந்துட்டாங்கம்மா."

ஜூடித் எங்கள் வரிசையில் நான்காவது வீடு. ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். மமதாவும் அவளும் ஒரே ரயில், ஒரே பெட்டி.

மாரிகுப்பத்திலிருந்து வந்த ரயில் கோரமண்டலில் நின்றிருக்கிறது. எல்லார் போனிலும் ஒரே செய்தி வந்து விழுந்திருக்கிறது. மாரிகுப்பம் பக்கம் பிளாஸ்ட், இரண்டாவது வரப்போகிறது என்று. ரயிலே மாரிகுப்பத்திலிருந்துதானே வருகிறது. குண்டு இந்த வண்டியில்தான் இருக்கிறது என்று யாரோ கத்தியிருக்கிறார்கள். பிளாட்பாரப் பக்கம் நெரிசல். மறுபக்கக் கதவு வழியாகக் கீழே குதித்தவர்களில் ஜூடித் ஒருத்தி. ஜல்லிமேல் விழுந்தவளின் மேல் இன்னொருவர் விழுந்திருக்கிறார். கோலார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"யாரு அந்த மாதிரி அனுப்புனது?" என்றார் அவர்.

மமதா தண்ணீர் குடித்தாள். டம்ளரை வைத்தாள். மறுபடி எடுத்துக் குடித்தாள்.

"தெரியல நைனா."

ஆனால் எங்கள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவர் குரல் கேட்டது. "நான் சம்பங்கி பேசறேன், கோரமண்டல்." ஒரு வீட்டில் முடிவதற்குள் அடுத்த வீட்டில் ஆரம்பித்தது. அதன் மேலே இங்கிலீஷில் ஒரு வரி சேர்ந்திருந்தது. அதற்குக் கீழே எந்த ஊரிலோ எப்போதோ எரிந்த ஒரு ரயில் பெட்டியின் படத்தை யாரோ ஒட்டியிருந்தார்கள்.

"நான் ரயிலப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே" என்று அவர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார், நான்தான் சந்தேகப்பட்டது போல.

ரூபேஷ் வந்தது அப்புறம்.

ரூபேஷைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் கெட்டவன் இல்லை. பஜாரில் மொபைல் கடை வைத்திருக்கிறான். பேஸ்புக்கிலும் யூடியூபிலும் ஒரு பேஜ் நடத்துகிறான். எங்கள் வரிசைக்குக் கோடையில் தண்ணீர் வராதபோது, காலிக் குடங்களை வரிசையாக வைத்து லைவ் போட்டான். மறுநாளே டேங்கர் வந்தது. எத்தனையோ முறை மனு கொடுத்தும் வராத டேங்கர். அன்றிலிருந்து கவுன்சிலர் பேச்சைவிட ரூபேஷ் பேச்சுக்கு மதிப்பு அதிகம். எனக்கும் அவன்மேல் மரியாதை இருந்தது.

மன்னிப்பு வீடியோக்களையும் அவன்தான் போடுவான். யாராவது ஏதாவது தப்பாகப் பேசிவிட்டால், அல்லது பேசியதாகச் செய்தி பரவிவிட்டால், அவரை நிற்க வைத்துக் கன்னடத்தில் மன்னிப்புக் கேட்கச் சொல்லிப் படம் பிடித்துப் போடுவான். ஒரு ஓட்டல்காரர் அழுதுகொண்டே கையெடுத்துக் கும்பிட்ட வீடியோவை நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டே பார்த்திருக்கிறோம். அந்த ஓட்டல்காரர் மூக்கைத் துடைத்த விதத்தைப் பார்த்து நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது அடிக்கடி ஞாபகம் வருகிறது.

ரூபேஷோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் கையில் மூன்று கால் ஸ்டாண்டு.

"அங்கிள், இன்னா அங்கிள் இப்டி பண்ணிட்டீங்க? பெங்களூர் வரைக்கும் போயிகீது."

"ஏர் பிளாஸ்ட் ஆச்சுப்பா. வழக்கமா சொல்றதத்தான் சொன்னேன்."

"நான் நெட்ல பாத்துட்டேன் அங்கிள். எர்த்க்வேக் ஒண்ணும் இல்ல. ஜீரோ. எந்த சைட்லயும் இல்ல."

"நெட்ல இல்லன்னா? உன் வூடு குலுங்கலியா?"

"நான் இப்ப பங்காருப்பேட்டைல கீறேன் அங்கிள். எனக்கு எப்டி தெரியும்?"

அவர் ரூபேஷின் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. கழுவாத பாத்திரம், கொடியில் என் உள்பாவாடை. அவர் எதையும் கவனிக்கவில்லை. சுவரைக் காட்டினார். சுண்ணாம்பில் தண்ணீர் வழிந்த தடம் ஈரமாக இருந்தது.

"இத பாரு. டம்ளரு தானா சாயுமா?"

கூட வந்தவன் சிரித்துவிட்டான். ரூபேஷ் சிரிக்கவில்லை. அதற்கு அவனுக்கு நன்றி.

"தண்ணி கொட்டினது ப்ரூஃப் இல்ல அங்கிள். கேளுங்க. ஒரு லேடிக்கு கால் போயிகீது. ஜனங்க காண்டுல கீறாங்க. ஒரே ஒரு வீடியோ. நான் போட்டுட்டேன்னா மேட்டர் அங்கியே முடிஞ்சிடும். போலீஸ் ஸ்டேஷன்ல நான் பேசிக்கறேன்."

"இன்னா சொல்லணும்?"

"கன்னடத்துல சொல்லுங்க. நானு சுள்ளு சுத்தி ஹப்பிஸிதே. தப்பாய்த்து. தயவிட்டு க்ஷமிஸி. அவ்ளோதான்."

பொய்ச் செய்தி பரப்பினேன், தவறு, தயவுசெய்து மன்னியுங்கள். எங்கள் ஊரில் எல்லாருக்கும் மூன்று பாஷை தெரியும். அவருக்கும் தெரியும்.

"தப்பாய்த்துன்னு சொல்றேன். க்ஷமிஸின்னு சொல்றேன். அந்தப் பொண்ணு வுழுந்துச்சே, அதுக்கு எத்தன தடவ வேணாலும் சொல்றேன். சுள்ளுன்னு சொல்ல மாட்டேன்."

"ஏன் அங்கிள்?"

"குலுங்குச்சுப்பா."

"சுள்ளுன்னு ஒரு வார்த்தை அங்கிள். அது இல்லன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க."

"அந்த ஒரு வார்த்ததான் முடியாது. நான் சொன்னது பொய்யின்னா, 'செகண்ட் ஷிஃப்ட்'ல அடுத்த தடவ என் பேச்ச எவன் நம்புவான்?"

எழுபது வயதில் அவரிடம் வேறு சொத்து என்ன இருந்தது? கீழே இறங்கிய முப்பது வருஷத்தில், "சம்பங்கி சரின்னா சரி" என்று மற்றவர்கள் அவர் தட்டிப் பார்த்த பாறைக்குக் கீழே நின்றிருக்கிறார்கள். அதுதான் அவர் பேர். அதைத்தான் ரூபேஷ் கேட்டான், இன்னது கேட்கிறோம் என்று தெரியாமலே.

ரூபேஷ் பெருமூச்சு விட்டான். தன் போனில் எதையோ தேடி அவர் முன்னால் நீட்டினான்.

"சரி அங்கிள். அப்போ இவங்களத்தான் புடிக்கணும். உங்க வாய்ஸ் மேல இந்த லைன மொதல்ல எழுதுனது யாருன்னு ஸ்கிரீன்ஷாட் வந்துகீது. நம்பர அடிச்சி வுட்டுகீறாங்க. ஆனா டிபி தெரியுது பாருங்க. சாயங்காலத்துக்குள்ள நம்ம ஃபாலோயர்ஸ் கண்டுபுடிச்சிருவாங்க. கேஸு, வேல, எல்லாம் காலி."

நானும் எட்டிப் பார்த்தேன். சின்ன வட்டத்துக்குள் ஒரு மஞ்சள் பூனைக்குட்டி. பின்னால் நீலக் கதவு.

பூனை எங்களுடையது. கதவும் எங்களுடையது. ரூபேஷ் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்திருந்தான்.

அவர் போனை வெகுநேரம் பார்த்தார். பிறகு அடுப்படி வாசலில் நின்ற மமதாவைப் பார்த்தார். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதைவிடப் பார்க்க முடியவில்லை.

"நான்தான் எழுதுனேன்" என்றார்.

"அங்கிள், இது இங்க்லீஷ்."

"இருக்கட்டுமே. ஷாஃப்ட், லெவல், கேஜ், டிம்பர். முப்பது வருஷம் நான் இன்னா ஜப்பான் பாஷையா பேசினேன்? என் பொண்ணு போன்லேருந்து நான்தான் அனுப்புனேன். அவ தலை வாரிக்கினு இருந்தா."

ஸ்டாண்டு வைத்திருந்தவன் மறுபடி சிரித்தான். ரூபேஷ் நீலக் கதவைத் திரும்பிப் பார்த்தான். புரிந்துகொண்டானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "சரி, அப்போ வீடியோ எடுத்துடலாமா அங்கிள்?" என்றான், கொஞ்சம் தணிந்த குரலில்.

"சட்டை மாத்திக்கறேன், இரு."

அவர் கோடுபோட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கல்யாணங்களுக்குப் போடுவது. காலர் மடங்கியிருந்தது. நான் போய்ச் சரிசெய்தேன். அந்த நேரத்தில் என் மனதில் இருந்ததை எழுதிவிடுகிறேன். நல்லவேளை, மாட்டியது இவர், மகள் இல்லை என்று இருந்தது.

சத்தம் வருகிறது என்று மின்விசிறியை நிறுத்தினார்கள். சுவரோரம் நிற்க வைத்தார்கள். பின்னால் சாமி படம் தெரிய வேண்டாம் என்று கொஞ்சம் நகரச் சொன்னார்கள்.

முதல் தடவை அவர் கேமராவைப் பார்க்காமல் ரூபேஷைப் பார்த்தே பேசினார். "அங்கிள், இங்க, இங்க" என்று விரல் சொடுக்கினான் ஸ்டாண்டுக்காரன். இரண்டாவது தடவை தப்பாய்த்து வந்தது, க்ஷமிஸி வந்தது. சுள்ளு வரவில்லை. வாய் அந்த இடத்துக்கு வந்ததும் தாண்டிப்போய்விட்டது. அவராகவே, "இன்னொரு வாட்டி எடு" என்றார்.

மூன்றாவது தடவை சொன்னார். தெளிவாக, நிதானமாக, குரூப்பில் பேசுகிற அதே குரலில்.

எனக்குத் தெரிந்து, அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

நான் அந்த நேரம் முழுக்கத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது ஏர் பிளாஸ்ட் இப்போது வந்துவிடாதா, ஸ்டாண்டு கவிழாதா என்று காத்திருந்தேன். வரவில்லை. வருவது உண்டு என்றுதான் சொன்னேனே தவிர, எப்போதும் வரும் என்று சொல்லவில்லை.

வீடியோ பகல் சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிட்டது. பால் கடைக்குப் போனேன். பேச்சு நின்றது. கடைக்காரர் சில்லறையை என் கையில் கொடுக்காமல் பலகைமேல் வைத்தார். வழியில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒருவனைச் சுவரோரம் நிறுத்தி, "க்ஷமிஸி, க்ஷமிஸி" என்று சொல்ல வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விளையாட்டுத்தான்.

வீட்டுக்கு வந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். வீடியோவுக்குக் கீழே வந்திருந்த கமெண்டுகளை மமதா படிக்க விடவில்லை. ஒன்றிரண்டு கண்ணில் பட்டுவிட்டது. உங்கள் ஊருக்கே போங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். என் வீட்டுக்காரரின் தாத்தா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். எந்த ஊர் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. 'செகண்ட் ஷிஃப்ட்' குரூப்பில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. காலையில் தங்கள் வீடும் குலுங்கியது என்று பேசியவர்கள்கூட அவரவர் பேச்சை அழித்திருந்தார்கள். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தது. அவருடையது மட்டும் இருந்தது.

"ஜூடித்த பாத்துட்டு வந்துடலாம்" என்றார் அவர்.

"இப்பவா? நாளைக்கி போலாங்க."

"கேமராவ பாத்து மன்னிப்பு கேட்டாச்சு. வுழுந்தவள பாக்க வேணாமா?"

"சட்டையாவது மாத்திகினு வாங்க. எல்லாரும் இந்த சட்டையிலதான் பாத்துகீறாங்க."

"மூஞ்ச எதுல மாத்துறது?"

மமதா நானும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றார். அவள் கேட்கவில்லை. கோலார் பஸ்ஸில் எங்களுக்குப் பின்னால், தள்ளி, தனியாக உட்கார்ந்தாள். எதிர் சீட்டில் ஒரு காலேஜ் பெண் போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். தங்கம் பிரித்தெடுத்த மண் குவிந்த எங்கள் பக்கத்து சயனைடு மேடுகள் மறையும் வரைக்கும் கழுத்தைத் திருப்பவில்லை.

ஜூடித்தின் இடது காலில் இடுப்புவரை கட்டு. முகத்தில் ஜல்லி கீறிய கோடுகள். அவர் கட்டிலருகே போய் நின்று கையைக் கூப்பினார். சாத்துக்குடிப் பை மணிக்கட்டில் தொங்கி ஆடியது.

"ஐயோ, கைய எறக்குங்கண்ணா. வீடியோல பாத்ததே போதும். பக்கத்து பெட்டு அம்மா காட்டுச்சு."

"தப்பா ஆய்ப்போச்சு ஜூடிம்மா."

"குலுங்குச்சுல்ல?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க வூட்லயும் குலுங்குச்சுண்ணா. ஏசு படம் கீழ வுழுந்துச்சு. தொடச்சி மாட்டிட்டுதான் ட்ரெய்னுக்கே வந்தேன்."

ரயிலில் நடந்ததற்குப் பிறகு முதல் தடவையாக ஒருவர் அதைச் சொன்னார். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏர் பிளாஸ்டுன்னு தெரியும்ல? அப்புறம் இன்னாத்துக்கும்மா குதிச்சே?"

"ஏர் பிளாஸ்டுக்கு யாருண்ணா குதிப்பாங்க? அந்தக் கூட்டத்துல வாய்ஸ் எங்க கேக்கறது, யாரோ ஃபார்வர்ட் பண்ண எழுத்தத்தான் படிச்சேன். வெறும் பிளாஸ்டுன்னு போட்டிருந்துச்சு. ஏர் இல்ல. அப்போ இது காலைல ஆனது இல்ல, வேற ஒண்ணு, பாம்னு நெனச்சேன். ஏர்னு ஒரு வார்த்த இருந்திருந்தா சீட்ட வுட்டே எழுந்திருக்க மாட்டேன். ஜன்னலோரம் வேற கெடச்சிருந்துச்சு." வலியோடு சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "அந்த லைன எழுதுனதும் நீங்கதான்னு ரூபேஷ் போட்டுகீறான். நெசமாண்ணா?"

"ஆமாம்மா."

"எங்க டாடி தூக்கத்துல உளறினாக்கூட ஏர் பிளாஸ்டுன்னுதான் உளறுவாரு. கீழ எறங்குன ஆளு எவனாவது ஏர வுட்டுட்டு எழுதுவானா?"

அவர் பையிலிருந்து சாத்துக்குடிகளை எடுத்து ஒவ்வொன்றாக அலமாரியில் வைத்தார். ஒன்று உருண்டது. பிடித்து மறுபடி வைத்தார்.

ஜூடித் அவரைத் தாண்டி, கட்டில் காலடியில் நின்ற மமதாவைப் பார்த்தாள்.

"நீ அந்த ட்ரெய்ன் குரூப்லதானே கீறே?"

"ஆமாக்கா."

அதற்குள் எக்ஸ்ரேக்குக் கொண்டுபோக ஆட்கள் தள்ளுவண்டியோடு வந்துவிட்டார்கள். ஜூடித்தை மாற்றிப் படுக்கவைக்கும்போது அவள் போட்ட சத்தத்தில் நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாசல்வரை போன வண்டியிலிருந்து அவள் குரல் வந்தது.

"மமதா, நாளைக்கி வா. தனியா வா."

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். யாருக்கும் பசி இல்லை. காலை இட்லியைப் பூனைக்குப் போட்டேன். மமதா தன் போனில் அந்தப் பூனைப் படத்தை எடுத்துவிட்டு, வெறும் சாம்பல் வட்டமாக வைத்திருந்தாள்.

"ஏம்மா ஏர வுட்டே?" என்று அவர் கேட்டார். கோபமாக இல்லை. பாறையில் விரிசலைத் தடவிப் பார்ப்பவர் போலக் கேட்டார்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள். "ஒரு தடவ ஆபீஸ்ல ஏர் பிளாஸ்டுன்னு சொன்னேன் நைனா. அப்டி ஒரு வார்த்தையே இல்லன்னு சிரிச்சாங்க. கேஜிஎஃப் இங்க்லீஷ்னு சொல்லி ரொம்ப நாளு கிண்டல் பண்ணாங்க. ட்ரெய்ன் குரூப்லயும் அந்த ஆபீஸ் ஆளுங்க நாலு பேரு கீறாங்க. எழுதும்போது எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அதான் எடுத்துட்டேன்."

"ஒரு மாதிரின்னா?"

"வெக்கமா இருந்துச்சு நைனா."

அவர் தலையை ஆட்டினார். அந்தச் சொல்லை அவர் முப்பது வருஷம் பேசியிருக்கிறார். அது வந்த நாட்களில் கூட இருந்தவர்களைத் தோளில் தூக்கி வந்திருக்கிறார். அது வெட்கப்படவேண்டிய சொல் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அன்று அவர் முகம் போன போக்கைப் பார்த்துக் கேமராவே தேவலை என்று எனக்குப் பட்டது.

"நாளைக்கி ஜூடித் அக்காகிட்ட போகட்டுமா?" என்றாள் மமதா.

அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். டம்ளரில் தண்ணீர் நிரப்பி மேல்தட்டில் வைத்தார். போனை என்னிடம் கொடுத்து, "உள்ள வெச்சிடு" என்றார். பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்தேன்.

மறுநாள் விடியும் முன் கண் விழித்தபோது, வாசலில் மமதாவின் செருப்பு இல்லை. ரயிலுக்குப் போனாளா, ஜூடித்தைப் பார்க்கக் கோலார் பஸ்ஸுக்குப் போனாளா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அவள் போன் அடுப்படி மேடைமேல் கிடந்தது.

அந்தத் தேதியை நெட்டில் தேடினால் அவர் வீடியோ முதலில் வருகிறது. அன்று காலை கோரமண்டலில் பூமி அசைந்ததாக எங்கும் இல்லை. எங்கள் அடுப்படி அலமாரிக்குக் கீழே, சுண்ணாம்பில், தண்ணீர் வழிந்த தடம் அப்படியே இருக்கிறது.